காட்டுச்சேனைப் பூவின் வாடை

மதினி,

முந்தாநாள் சாயங்காலம் மேகமலைப் பக்கம் இடி உருண்டு, சின்னமனூரில் அரைமணி நேரம் கோடை மழை கொட்டியது. இன்று காலை பின்கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. செத்த எலி மூன்று நாள் வெயிலில் கிடந்தால் வருமே, அதே நாற்றம். வாயில் எச்சில் ஊறியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பார்த்தேன். குண்டுமல்லிச் செடிகளுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் உங்கள் காட்டுச்சேனை பூத்திருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் நானே மண்வெட்டி பிடித்துத் தோண்டி எறிந்த கிழங்கு அது. ஒரு துண்டு மட்டும் மண்ணுக்குள் தங்கிவிட்டது போலிருக்கிறது. இடையில் இலை விட்டபோதெல்லாம் பார்த்தேன். பிடுங்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இப்போது பூ வந்திருக்கிறது. அறுத்துப் போட்ட ஈரலின் நிறம், நடுவில் சுருக்கம் சுருக்கமாக ஒரு மொட்டைத்தலை, அதன்மேல் மொய்க்கும் பச்சை ஈக்கள். பார்க்கவே சகிக்கவில்லை, மதினி.

இந்த நேரம் பார்த்துத் தோட்டம் முழுவதும் பூத்துக் கிடக்கிறது. குண்டுமல்லி காலையிலும் உதிராமல் வெள்ளையாக நிற்கிறது. நந்தியாவட்டை, காகிதப்பூ, நீங்கள் மலையிலிருந்து கொண்டுவந்த மே மாதப் பூ என்று எல்லாமே பூத்திருக்கின்றன. மே மாதப் பூ மட்டும் ஏழு தண்டுகளில் சிவப்புப் பந்துகளாக நிற்கிறது. எதிர்வீட்டு மருமகள் அதைப் போனில் வீடியோ எடுக்க வந்தாள். "அக்கா, ஒங்க தோட்டம் அப்பிடியே சொர்க்கம்க்கா" என்று சொல்லிக்கொண்டே நடந்தவள், சுவரோரம் போனதும் நின்றாள்.

"ச்சீ! என்னக்கா செத்துக் கெடக்கு இங்கன?"

"பூதான். சேனைப்பூ."

"இதெல்லாம் ஒரு பூவா? வெட்டிப் போடுங்கக்கா" என்று போனை மடியில் செருகிக்கொண்டு ஓடியே போனாள். எனக்கும் குமட்டத்தான் செய்தது. ஆனாலும் அவள் காறித் துப்பிவிட்டுப் போன விதம் பூவைவிட அதிகமாகக் குமட்டியது. என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, மண்வெட்டியோடு வந்தார். இருக்கட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிப் போனார்.

எனக்கு எதற்கெடுத்தாலும் அருவருப்பு என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அடுத்தவர் குடித்த டம்ளரில் குடிக்க மாட்டேன். சோற்றில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்குப் பூராவும் பட்டினி. என்னை மீன் கழுவ வைக்க உங்கள் தம்பியால் இன்றுவரை முடியவில்லை. அப்படிப்பட்டவளின் வீட்டுக்குத்தான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போட்டு ரிட்டயரானவர். உங்கள் வீட்டுக்காரரும் இல்லை, பிள்ளையும் இல்லை, போக வேறு இடமும் இல்லை. இரண்டு டிரங்குப் பெட்டியும் ஈரச்சாக்கில் சுற்றிய செடிகளுமாக ஜீப்பிலிருந்து இறங்கினீர்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே, அட்டை கடித்த இடம் புழுத்துப்போன ஒரு தேயிலைக்காரியின் காலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தீர்கள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

"என்னலே தம்பி, ஒம் பொண்டாட்டி இப்பிடி இருக்கா?" என்று சிரித்தீர்கள்.

துணி காயப்போடும் வெற்று மண்ணாகத்தான் அந்தக் கொல்லை கிடந்தது. நீங்கள் அதைத் தோட்டமாக்கிய விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மேலெல்லாம் கூசுகிறது. செடி உரத்துக்கென்று ஒரு நீல டிரம்மில் மீன் தலையும் குடலும் வெல்லமும் போட்டு மூடி வைத்தீர்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் கடலைப் புண்ணாக்கு ஊறிப் புளித்து நுரைத்துக் கிடக்கும். கையுறை கிடையாது, குச்சி கிடையாது. முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுக் கலக்குவீர்கள். கலக்கிய கையை முகர்ந்து பார்த்து, "பக்குவமாயிருச்சு" என்பீர்கள். நான் அடுப்படி ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். ஒருநாள் தாங்கமாட்டாமல் கத்திவிட்டேன்.

"வீடா இது, மீன் மார்க்கெட்டா மதினி?"

"பூவு மட்டும் ஒனக்கு வேணும். இது வேணாமாக்கும்?" என்றீர்கள், கையைக்கூடக் கழுவாமல்.

வேண்டும்தான். பூ எனக்கு வேண்டும். பங்குனி பிறந்து வெயில் ஏற ஏற அந்தத் தோட்டம் செய்த மாயத்தை நான் மறுக்கவே முடியாது. பொழுது சாய்ந்ததும் நீங்கள் துவைக்கிற கல்லில் உட்காருவீர்கள். நான் உங்களுக்குக் கீழே, படியில். மொட்டாக இருந்த மல்லி கண்ணெதிரே வாய் திறக்கும். வாசம் முதலில் லேசாகத்தான் வரும். பிறகு மூச்சு முட்டுகிற அளவுக்கு அடர்ந்துவிடும். நீங்கள் பறிக்க விட மாட்டீர்கள். "செடியிலயே இருந்துட்டுப் போகட்டும், அதுக்கும் ஆசை இருக்கும்ல" என்பீர்கள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் எனக்கு எதன்மேலும் அருவருப்பு வராது. டிரம் பக்கத்திலேயேதான் இருக்கும். மூக்குக்குத் தெரியாது.

காட்டுச்சேனை முதல் தடவை பூத்தது நீங்கள் வந்த மூன்றாம் வருஷம். அது பூ என்று யாருக்குத் தெரியும்? உங்கள் தம்பி பரண்மேல் ஏறி, பித்தளைப் பாத்திரம் அத்தனையையும் இறக்கி, எலியைத் தேடினார். நான் மூலை முடுக்கெல்லாம் பினாயில் ஊற்றினேன். நீங்கள் எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பூவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டீர்கள்.

"வந்து பாரு ஆத்தா. தொட்டுப் பாரு, சூடா இருக்கு, காய்ச்சக்காரி நெத்தி மாதிரி."

எட்டிப் பார்த்தவள் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

"இதத் தோண்டிப் போடுங்க. இல்லன்னா நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்."

"ரெண்டு நாளு. தானா வாடிரும். மல்லி வண்டக் கூப்புடுது, இது ஈயக் கூப்புடுது. அதுக்கு வாச்சது அது" என்றீர்கள். இரண்டு நாளும் நான் உங்களோடு பேசவில்லை. பூ வாடி விழுந்தது. அதன்பின் வருஷா வருஷம் அந்த இரண்டு நாளும் நமக்குள் சண்டை என்றாகிவிட்டது.

நீங்கள் இருந்த கடைசி வருஷம் மட்டும் நாற்றம் மாசி மாதமே ஆரம்பித்துவிட்டது. மழையும் இல்லை, சேனை முளைக்கவும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் ஏதோ அழுகுகிறது. காலையில் தெரியும், மதியம் குறையும், சாயங்காலம் மறுபடியும் வரும். நீங்களோ, பூவைச் செடியிலிருந்து பறிக்க விடாத நீங்கள், விடிந்ததும் மடி நிறையப் பறித்து வந்து தலையணைக்கடியிலும் சேலை மடிப்பிலும் வைத்துக்கொண்டீர்கள். வயசான காலத்தில் இது என்ன புதுப் பழக்கம் என்று உங்கள் தம்பியிடம் முனகினேன். மல்லி வாசமும் அந்த அழுகலும் கலந்து வந்த வாடை இருக்கிறதே, அதைப்போல ஒரு அருவருப்பை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

எனக்கு வெறி பிடித்தது. ஒருநாள் காலையில் டிரம்மைச் சாய்த்து முழுவதையும் குழி வெட்டிப் புதைத்தேன். புண்ணாக்கு வாளியைத் தூக்கி வீசினேன். பிறகு மண்வெட்டியால் சேனைக்கிழங்கைத் தோண்டி, துண்டு துண்டாக வெட்டி, குப்பை வண்டியில் போட்டேன். நீங்கள் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தடுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் தலையணை உறை மாற்ற உங்கள் அறைக்குள் வந்தேன். நாற்றம் அங்கேதான் இருந்தது.

"மதினி, ஒங்க ரூமுலதான் நாறுது. கட்டிலுக்கு அடியில எலி ஏதும் கெடக்கான்னு பாக்கணும்."

"கதவச் சாத்து."

சாத்தினேன்.

"செடியும் இல்ல, எலியும் இல்ல. நாந்தான் ஆத்தா நாறுறேன்."

சொல்லிவிட்டு ஜாக்கெட்டின் ஊக்குகளை நிதானமாகக் கழற்றினீர்கள். உள்ளே நாலைந்து மடிப்பாகத் துணி. அதைப் பிரித்தீர்கள். இடது மார்பு இருக்க வேண்டிய இடத்தில் நான் பார்த்ததை இங்கே எழுத மாட்டேன். நான் பின்னால் நகர்ந்ததும், கதவில் முதுகு இடித்ததும், கை தானாக மூக்குக்குப் போனதும் நினைவிருக்கிறது. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஒரு வருஷமா நானேதான் கட்டிக்கிட்டு இருக்கேன். இப்ப கை தூக்க முடியல."

"ஏன் மதினி சொல்லல? அவுககிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"தம்பிகிட்ட எதக் காட்டிச் சொல்ல? ஒங்கிட்டச் சொல்லலாம்னு நாலஞ்சு தடவ வந்தேன். ஒம் மூஞ்சி எப்பிடிப் போகும்னு தெரியுமே. இந்தா, இப்பப் போகுதுல்ல, இப்பிடித்தான் நெனச்சேன்."

கோபமே இல்லாமல் சொன்னீர்கள். அதுதான் கொன்றது. டம்ளருக்கும் முடிக்கும் மீன் செதிலுக்கும் முகம் சுளித்துச் சுளித்து, நீங்கள் வாய் திறக்க முடியாதபடி ஒரு வருஷம் பூட்டி வைத்திருந்தவள் நான்தான். இத்தனை நாளாக நான் அருவருப்பு என்று சொன்னதெல்லாம் சும்மா. உண்மையான அருவருப்பு என்னவென்று அன்றைக்கு, என்மேல் வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

தேனிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, இனி அறுத்துப் பயனில்லை, தினமும் சுத்தம் செய்து மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுங்கள், வாடை கொஞ்சம் அடங்கும் என்றார்.

செய்தி தெரிந்து உறவுகள் வந்தன. கைக்குட்டையும் கையுமாக வந்தன. அறை வாசலைத் தாண்டி ஒருவரும் உள்ளே வரவில்லை. ஊதுபத்தியை யாரோ கட்டாகக் கொளுத்தினார்கள். "நல்லாத்தான் இருக்கீக, வாடையெல்லாம் ஒண்ணுமே தெரியலயே" என்று வாசலில் நின்று சொன்னார்கள். கொல்லைக்கு வந்து, "எப்பிடித்தான் ஒரே வீட்டுல இருக்கீகளோ" என்று என் காதில் சொன்னார்கள். போகும்போது ஆளுக்கொரு பாலித்தீன் பையில் உங்கள் மல்லியைப் பறித்துக்கொண்டு போனார்கள். கைக்குட்டையை எடுத்துவிட்டு அந்தப் பூவை முகர்ந்துகொண்டே கேட்டைத் தாண்டினார்கள். அவர்கள் உட்கார்ந்துவிட்டுப் போன நாற்காலிகளை நான் வெளியே போட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கட்டு மாற்றுவது என் வேலையானது. முதல் நாள் துணியைப் பிரித்ததுமே கொல்லைக்கு ஓடி நந்தியாவட்டை மூட்டில் கொட்டித் தீர்த்தேன். உள்ளேயிருந்து உங்கள் குரல் வந்தது.

"எடுத்து முடிச்சுட்டியா? வாயக் கொப்புளிச்சுட்டு வா. மிச்சம் இருக்கு."

வந்தேன். மறுநாளும் ஓடினேன், மறுநாளும் வந்தேன். நாலு மாசம். பழகிவிட்டது என்று சொன்னால் பொய். கடைசி நாள் வரைக்கும் பழகவில்லை. சில நாள் கட்டுக்கு நடுவில் இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். நீங்கள் திறந்த புண்ணோடு, கையைத் தூக்கிப் பிடித்தபடி, நான் திரும்பி வரும்வரை காத்திருப்பீர்கள்.

நீங்கள் போன அன்று அதே உறவுகள் தோட்டத்தை மொட்டையடித்து, உங்கள்மேல் பூவாகக் குவித்தார்கள். சென்ட் பாட்டிலைத் திறந்து உங்கள் முகத்தில் தெளித்தார்கள். "பூ மாதிரி இருந்தாக, பூ மாதிரியே போயிட்டாக" என்றது ஒரு குரல். நான் அந்தப் பாட்டிலைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். உங்கள் தம்பி மட்டும் குனிந்து உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினார்.

இவை எல்லாம் மங்கிக்கொண்டு வருகின்றன, மதினி. மங்காமல் என்னிடம் இருப்பது ஒன்றுதான். நீங்கள் போவதற்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு காலை நேரம். முந்தின நாள் யாரோ வந்து வழக்கம்போல வாடையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நீங்கள் கூரையைப் பார்த்தபடி கேட்டீர்கள்.

"ரொம்ப நாறுதா, ஆத்தா?"

"ஆமா மதினி. நாறுது."

நீங்கள் சிரித்தீர்கள். இருமல் வரும்வரை சிரித்தீர்கள். "அப்பாடா, ஒருத்தியாச்சும் உள்ளதச் சொன்னா" என்றீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள். முகம் லேசாகிவிட்டிருந்தது.

அந்தப் பதிலை அன்பில் சொன்னேனா, அருவருப்பில் வாய் தவறிச் சொன்னேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்று மட்டும் நிச்சயமாக நினைவிருக்கிறது. உங்கள் புண்ணிலிருந்து அப்போதுதான் உரித்த துணி, ஈரமாக, என் வலது உள்ளங்கையில் இருந்தது. அதைக் கீழே வைக்காமல்தான் சொன்னேன்.