பூஜ்யத்தைத் தூக்கி எறிந்த ஃபங்ஷன்

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம். காலை ஒன்பதுக்கே ஆபீஸ் படிக்கட்டுக் கைப்பிடி சுட்டது. ஏ.சி. பழுது. மெக்கானிக் வருகிறேன் என்று சொல்லி மூன்று நாள்.

இன்று செய்ய வேண்டியவை: ஆட்டையாம்பட்டிப் பண்ணைக்குப் புது லாகின். ரிப்போர்ட்டில் தமிழ் எழுத்து உடைவதைச் சரி பார்ப்பது. கணவன் ஜோவின் செருப்பைத் தைக்கக் கொடுப்பது.

ஒன்றும் நடக்கவில்லை. பத்தரைக்கு எருமப்பட்டியிலிருந்து போன். தங்கராசு அண்ணன். நம் கோழிப்பண்ணை ஆப்பை முதலில் வாங்கியவர்களில் ஒருவர். நேற்று அவர் திருச்செங்கோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மதியம் இரண்டாவது ஷெட்டில் தண்ணீர் நின்றுவிட்டது. டேங்க் வாயில் பாசி அடைத்திருக்கிறது. பன்னிரண்டிலிருந்து நாலு வரை, இந்த வெயிலில், கோழிகளுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆயிரத்துக்கு மேல் செத்துவிட்டன. தண்ணீர் நின்றால் வீட்டுப் போனில் அலாரம் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை.

அவர் கத்தவில்லை. “அடிக்கறதுக்குத்தானுங்களே அதை வெச்சோம்” என்றார். அவ்வளவுதான்.

முதலாளி முகுந்தன் சார் (இனி மு.) முட்டை போண்டா தின்றுகொண்டே கேட்டார். தண்ணீர் மீட்டர் ஒயரை எலி கடித்திருக்கும் என்று அங்கேயே முடிவு கட்டினார். நாளை நான் போக வேண்டுமாம். “நீ போ ஸ்டெல்லா. பொம்பளைன்னா கோபப்பட மாட்டாங்க.” விரலை என் மேஜை மேல் கிடந்த பேப்பரில் துடைத்தார். என் பேப்பர்.

மே 7, புதன்

சேலம் – நாமக்கல் – எருமப்பட்டி. இரண்டு பஸ். கடைசி மைல் தங்கராசு அண்ணனின் பைக்கில்.

நாற்றம் ரோட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. ஷெட்டுக்குப் பின்னால் குழி. சுண்ணாம்பு போட்டிருந்தார்கள், மண் இன்னும் முழுசாக மூடவில்லை. ஈ. வாய்க்குள் ஒன்று போய்விட்டது. துப்பினேன். இப்போது எழுதும்போதும் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

மீட்டரைப் பார்த்தேன். எலி இல்லை, கடி இல்லை. ஒயர் புதுசு போல இருந்தது. ஷெட் வாசலில் ஒரு தீவன மூட்டை மேல் லேப்டாப்பை வைத்து, நேற்று முன்தினம் மீட்டர் அனுப்பிய ரீடிங்கைத் திறந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. 12.05 பூஜ்யம். 12.10 பூஜ்யம். 12.15 பூஜ்யம். நாலு மணி வரை ஒன்றுகூடத் தவறாமல் பூஜ்யம். மீட்டர் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்காதது நாங்கள்.

லேப்டாப்பை மூடினேன்.

மீட்டர் கெட்டுவிட்டதா என்று தங்கராசு அண்ணன் கேட்டார். ஆபீஸில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அவர் மனைவி மல்லிகா அக்கா மோர் கொண்டுவந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண் வீங்கியிருந்தது. அலாரம் அடிக்க வேண்டிய போன் அவரிடம்தான் இருந்திருக்கிறது. தங்கராசு அண்ணன் அக்கா முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: “மெசினு மேல தப்பு இருக்காதுங்க. இவ போனைச் சைலண்டுல போட்டுட்டு ஊட்டுக்குள்ள படுத்திருந்திருப்பா. இப்ப அடிக்கவே இல்லைங்கறா.”

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல் என்பது போல. நான் மோரைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து சுடிதாரை இரண்டு முறை துவைத்தும் வாடை. ஜோ ஒன்றும் வாடை இல்லையே என்கிறான்.

மே 8, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். தேடக்கூட வேண்டியதில்லை.

எங்கள் எல்லா ஆப்பிலும் ‘உதவி’ என்று ஒரு ஃபைல் உண்டு. சின்னச் சின்ன ஃபங்ஷன்கள். பட்டியலில் ஒரே மதிப்பு இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்குவது, பட்டியலை வரிசைப்படுத்துவது, மதிப்பு எண்ணா எழுத்தா என்று சோதிப்பது. அதில் ஒன்று, பட்டியலில் உள்ள காலி மதிப்புகளை நீக்குவது. மீட்டர் சில சமயம் வெற்றாக அனுப்பும், அதை எடுத்துவிட வேண்டும். ‘மதிப்பு இல்லையா? அப்படியானால் காலி’ என்று ஒரே வரி. அந்த மொழியில் அப்படிக் கேட்டால் பூஜ்யத்துக்கும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். முதல் மாதம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

ஆக பூஜ்யம் எல்லாம் காலி என்று போய்விட்டது. மிஞ்சியது வெறும் பட்டியல். வெறும் பட்டியல் வந்தால் ‘தகவல் இல்லை, அலாரம் வேண்டாம்’ என்று இன்னொரு வரி. தண்ணீர் குறைந்தால் அலாரம் அடிக்கும். சுத்தமாக நின்றால் அடிக்காது. நாலு வருஷமாக, இருபத்தாறு பண்ணையில்.

எழுதியது யார் என்று பார்த்தேன். என் பெயர். மேலே என் குறிப்பு: ‘தற்காலிகம், பிறகு பார்க்கவும்.’

பார்க்கவில்லை.

மு.விடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுத எனக்கு வார்த்தை இல்லை, சாக்கடை மூடியைத் தூக்கினால் வருமே ஒரு காற்று, அது. தினேஷ் போன வருஷம் வேலையை விட்டுப் பெங்களூர் போனான் அல்லவா, அவன் எழுதியது என்று உள்ளே குறித்துவிடலாமாம். வெளியே எலிதான். சத்தமில்லாமல் அடுத்த மாத அப்டேட்டோடு சேர்த்துச் சரிசெய்து அனுப்பலாமாம்.

அடுத்த மாதமா? வெயில் இந்த மாதம் என்றேன்.

“இப்ப மாத்தினா ஏன் மாத்தினேன்னு கேப்பாங்க” என்றார்.

மதியம் டிபன் பாக்ஸில் முட்டைக் குழம்பு. மூடியைத் திறந்து உடனே மூடினேன்.

மே 9, வெள்ளி

மேகம். மழை இல்லை. வேர்வை.

எருமப்பட்டிக்கு ரிப்போர்ட் போய்விட்டது. நான் எழுதவில்லை. ‘மீட்டர் ஒயரில் எலி கடித்த சேதம். நேரில் ஆய்வு செய்தவர்: ஸ்டெல்லா.’ என் லாகினிலிருந்தே அனுப்பியிருக்கிறார். என் பாஸ்வேர்டு மு.வுக்குத் தெரியும், நான்தான் ஒருமுறை அவசரத்துக்குக் கொடுத்தேன்.

போய்க் கேட்டேன். ஏன் முகம் இப்படி இருக்கிறது, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். ஏ.சி. நாளை சரியாகிவிடும் என்றார்.

பாஸ்வேர்டை மாற்றினேன். என்ன வீரம்.

மே 11, ஞாயிறு

சர்ச்சில் இரண்டாம் பூசை. ஃபேனுக்குக் கீழே இடம் கிடைத்தது. பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு நாலு பேர் நின்றார்கள். ஐந்தாவதாக நின்றேன். பிறகு விலகி வெளியே வந்துவிட்டேன். உள்ளே போய்ச் சொன்னால் எனக்கு இறங்கிவிடும். மல்லிகா அக்காவுக்கு என்ன ஆகும்? அந்த வீட்டில் அவர் பொய்க்காரியாகவே இருப்பார், நான் மன்னிப்பு வாங்கிக்கொண்டு அயோத்தியாப்பட்டணம் வீட்டுக்கு வந்து கறி சமைப்பேன்.

ஜோவிடம் எல்லாம் சொன்னேன். வேலை போனால் பரவாயில்லை என்றான். கொஞ்ச நேரம் கழித்து, போகாமலும் பார்த்துக்கொள் என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது.

கோழிக்கறி எடுக்கவில்லை. கத்தரிக்காய்.

மே 12, திங்கள்

லீவு சொன்னேன். காரணம் சொல்லவில்லை. சொந்தச் செலவில் எருமப்பட்டி.

இரண்டு பேரும் இருந்தார்கள். குழி மூடியாகிவிட்டது, வாடை குறைந்திருந்தது. எனக்குத்தான் மூக்கிலேயே இருக்கிறது. லேப்டாப்பை வாசலில் நாற்காலி மேல் வைத்துக் காட்டினேன். இது மீட்டர் அனுப்பியது. இது நான் எழுதிய வரி. இதனால்தான் அலாரம் அடிக்கவில்லை. எலி பொய். அக்கா போனைச் சைலண்டில் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அது அடித்திருக்காது.

தங்கராசு அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இந்த ஒரு வரிதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதையே நாலைந்து முறை படித்தார். இங்கிலீஷ் எழுத்து, அவருக்கு என்ன புரிந்திருக்கும். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். நிமிர்ந்து ஷெட்டுப் பக்கம் போனார். மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார்.

“அன்னிக்கு நீங்க லேப்டாப்பை மூடறப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?”

எந்த வரி என்று தெரியாது, ஆனால் தப்பு எங்களுடையது, உங்களுடையது இல்லை என்று தெரியும் என்றேன்.

“எங்கண்ணனைக் கூப்பிட்டு வெச்சு, உன்ற தங்கச்சி பண்ணின வேலையைப் பாருன்னு சொன்னாருங்க. எங்கண்ணன் தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போச்சு. கல்யாண ஊட்டுல இருந்தவங்க பூராத்துக்கும் தெரியும். அஞ்சு நாளுங்க அம்மிணி. நீங்க மோரு குடிச்சீங்களே.”

ஆமாம். குடித்தேன்.

மன்னித்துவிடுங்கள் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அதையும் அவரிடமே கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டுமா.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட் ஆள் போர்வெல் போடும் ரிக் லாரி பற்றி யாரிடமோ போனில் பேசிக்கொண்டே வந்தான். “போர் எறங்குது, தண்ணி இல்லீங்க, வெறும் பொகைதான்.” நாமக்கல் வரை அதுவே.

மே 13, செவ்வாய்

மு.விடம் நானே சொன்னேன். எருமப்பட்டி போனேன், உண்மையைச் சொல்லிவிட்டேன். காலை எட்டுக்கு வந்து அந்த வரியைத் திருத்தி இருபத்தாறு பண்ணைக்கும் அனுப்பியும் விட்டேன். பூஜ்யம் ஒரு மதிப்பு. வெற்று வேறு. இப்போது ஃபங்ஷன் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. மொத்தம் மூன்று வரி. நாலு வருஷம் தள்ளிப்போட்ட வேலை, இருபது நிமிடம்.

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று மேஜையைக்கூடக் காலி செய்து வைத்திருந்தேன். சொல்லவில்லை. இந்த ஆப் முழுதும் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை, அதுதான். “சரி விடு. இனிமே எங்கிட்ட கேட்டுட்டுப் போ” என்றார். பிறகு ஆட்டையாம்பட்டி லாகின் என்ன ஆயிற்று என்றார்.

அவர் என்னைத் துரத்தியிருந்தால் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

பதினொன்றரை முதல் போன் மேல் போன். மூன்று பண்ணையில் அலாரம். இரண்டு இடத்தில் ஷெட்டைக் கழுவத் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். ஒரு இடத்தில் நிஜமாகவே மோட்டார் நின்றிருந்தது, ஓடிப்போய்ப் போட்டார்களாம். அந்த ஆள் என்னை வாழ்த்தினார். பாதியிலேயே போனை வைத்தேன்.

மே 16, வெள்ளி

நேற்று இரவு நாலு தூறல். காலையில் புழுக்கம் இரட்டிப்பு.

ஆட்டையாம்பட்டி லாகின் முடிந்தது. ‘உதவி’ ஃபைலில் மற்ற ஃபங்ஷன்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு அசிங்கம். ஒன்று என்னுடையது, ஒன்று தினேஷுடையது. இரண்டிலும் ‘பிறகு பார்க்கவும்’.

மதியம் மு. ஒரு சீட்டு வைத்தார். எருமப்பட்டி, அலாரம் நம்பரை மாற்ற வேண்டும். மல்லிகா அக்கா நம்பருக்குப் பதில் தங்கராசு அண்ணன் நம்பர். அவரே கேட்டாராம்.

அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டாவது முறை எடுத்தார். வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வீண்பழி போட்டோம் என்று தெரிந்துவிட்டதால் வீட்டுக்காரர் தன் முகத்தையே பார்ப்பதில்லை, தன் அண்ணனிடமும் போய் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை என்றார். சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறாராம்.

நம்பர் ஒன்றுதான் போட முடியும் என்று இல்லை, அந்த இடத்தை நான் பட்டியலாக மாற்றிவிட்டேன், இரண்டு பேர் நம்பரும் இருக்கட்டும், முதலில் உங்களுடையது என்றேன்.

பின்னால் கோழிச் சத்தம்.

“எனக்கு வேண்டாமுங்க அம்மிணி. அடிச்சா அவரே ஓடட்டும்.”

வைத்துவிட்டார்.

எருமப்பட்டிப் பட்டியலில் ஒரே நம்பர் போட்டேன். தங்கராசு அண்ணனுடையது.