உடனிருப்பவர் பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நான் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாயிருக்க வேண்டும். உங்கள் ஆபீசில் தயாரித்த அறிக்கை வந்து சேர்ந்தது, பூதக்கண்ணாடி வைத்து மூன்று நாளில் படித்து முடித்தேன். ஒவ்வொரு அரசாங்கமும் தான் செலவழிக்கும் நூறில் உடல்நலத்துக்கு எவ்வளவு ஒதுக்குகிறது என்று இத்தனை நாடுகளை வரிசைப்படுத்துவது பெரிய வேலைதான், பெருமையாயிருக்கிறது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் விளக்கம் ஒரு நிறம் சொல்கிறது, படத்தில் வேறு நிறம் இருக்கிறது, உன் மேலதிகாரி கவனிக்கவில்லை போலும். நீ இருக்கும் நாடு மேலிருந்து மூன்றாவது. நம்முடையதைத் தேடக் கடைசிப் பக்கத்துக்கே போக வேண்டியிருந்தது. நூற்றுக்கு நான்கு. எங்கள் பள்ளியில் நான்கு வாங்கியிருந்தால் சிஸ்டர் முட்டி போட வைத்திருப்பார். கீழ்வீட்டுத் தையற்காரியிடம் சொன்னதற்கு, "நூத்துக்கு நாலா? அது துணி இல்லம்மா, வெட்டுன மிச்சம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அந்த நான்கின் வாசலுக்கே, நம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு, போய் வந்தேன். என் வயிற்றிலிருந்த புடைப்பைச் சர்ஜன் பார்த்துவிட்டு, குடலிறக்கம், ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பயப்படாதே, கைராசிக்காரர் என்கிறார்கள், நகமும் சுத்தமாயிருந்தது. சேர்க்கைப் படிவத்தில் உடனிருப்பவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் பெயரையே எழுதிக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, கட்டில்ல படுத்துக்கிட்டே நீங்களே ஓடிப்போய் ரத்தத்த லேப்ல குடுத்துட்டு வருவீங்களா?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, மருந்துக்கு வரிசையில் நிற்பது, குளுக்கோஸ் பாட்டில் தீருமுன் கூப்பிடுவது எல்லாம் வீட்டு ஆள்தான். உன் அப்பாவுக்கு அவருடைய கடைசிப் பத்தொன்பது நாளும் நான் செய்ததுதானே. அரசாங்கம் வேலைக்கு வைக்காத ஆளுக்குப் பதிலாக மனைவியும் மகளும் நிற்கிறார்கள். உங்கள் அறிக்கையில் அது எந்தப் பத்தியில் வருகிறது என்று தேடினேன், எங்கும் இல்லை. தையற்காரி வருகிறேன் என்றாள், அவளுக்குக் கைக்குழந்தை. உன் சித்தியால் படியேற முடியாது. கூலிக்கு ஆள் கிடைக்கும் என்றார்கள், முன்பின் தெரியாதவளா எனக்குத் துணி மாற்றுவது?

போன வருஷம் உனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்ததை இருபது நாள் கழித்துத்தான் சொன்னாய். இங்க யாரும் கூட இருக்க வேண்டியதில்லம்மா, நர்சுங்களே பாத்துக்குவாங்க, ஆறு மணிக்கு மேல சொந்தக்காரங்கள விடவும் மாட்டாங்க என்றாய். சரி என்று போனை வைத்துவிட்டேன். அந்த நாட்டுக்காரர்கள் அவ்வளவு ஒழுங்காகச் செலவழித்ததில் எனக்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. நன்றி சொல்ல வேண்டியவள் உன் மேல் கோபப்பட்டேன். அன்றைக்கு உன் அறையை இரண்டு தடவை துடைத்தேன்.

இத்தனை வருஷத்தில் உன்னை வா என்று நான் கூப்பிட்டதில்லை. லீவு கிடைக்காது, டிக்கெட் அநியாய விலை என்று உனக்குப் பதிலாக நானே சொல்லிக்கொள்வேன். போனில் கேட்க இப்போதும் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமை மறுபடி போய், புதுப் படிவம் வாங்கி, அந்தக் கட்டத்தில் உன் பெயரை முழுதாக எழுதினேன். உறவுமுறை, மகள். உன் போன் நம்பர் கட்டத்துக்குள் அடங்கவில்லை. அந்தப் பெண் நம்பரைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ தூரத்துலேருந்து வருவாங்களாம்மா?" என்று கேட்டாள். வருவாள் என்றேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான்.

ஆண்டவன் உன்னை நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். அடுத்த மாதம் பதினேழாம் தேதி காலை ஏழு மணிக்குச் சேர்க்கை, உடனிருப்பவரும் கூடவே வர வேண்டுமாம். முடியாதென்றால் பத்தாம் தேதிக்குள் சொல்லிவிடு. பெயரை அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்றார்கள், எனக்குத்தான் அடித்தல் திருத்தல் பிடிக்காது.

உன் அம்மா