இரண்டாம் பாகத்தில் வந்த பெண்

ஆகஸ்ட் 6, 2025, புதன்

அந்த ஆள் இன்றும் லேபுக்கு வந்தான். போன வாரம் வந்து சர்க்கரை பார்த்துவிட்டுப் போனவன்தான். எல்லாம் நார்மல். முப்பது வயதுகூட இருக்காது, ஒல்லியான ஆள். ஒரே வாரத்தில் மறுபடியும் எதற்கு டெஸ்ட்? டாக்டர் சீட்டும் இல்லை. திண்டிவனத்திலிருந்து வருகிறானாம். திண்டிவனத்தில் லேபே இல்லையா?

ஊசி குத்தும்போது சிலர் ஊசியைப் பார்ப்பார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களுக்குப் பனமலைப் பக்கங்களா?" என்று கேட்டான். "இல்ல, விழுப்புரம்தான்" என்றேன். கல்யாணமாகி ஐந்து வருடமாக விழுப்புரம்தானே.

லேப் பதிவேட்டில் பெயர் சித்தார்த்தன் என்று இருக்கிறது. கூட வேலை செய்கிற பிரபாவதி அக்கா, "உன்னப் பாக்கத்தான்டி வர்றான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கேயோ பார்த்த முகத்தை ஞாபகத்தில் தேடுகிற பார்வை அது. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகஸ்ட் 7

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல வாசலில் நின்று, கழுத்தை நீட்டி, குரலை இழுத்து, "தண்ணி வந்துகினு இருக்குது, போயிடாதீங்க" என்றார். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்தப் பக்கத்தில் தண்ணீர் லாரியைப் பார்த்தால் யாராவது இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. 'சாம்பல் கோள்' படத்தின் இரண்டாம் பாகத்தில், முகமெல்லாம் சாம்பல் பூசிய ஒரு பெண் சொல்வது. வேற்றுக் கிரகத்துக்குப் போயும் 'வந்துகினு' என்கிறாளே என்று பத்து வருடத்துக்கு முன்னால் ஊரே சிரித்தது. அவள் முகத்தை மட்டும் வெட்டி எங்கெங்கோ ஒட்டினார்கள்.

அந்தப் பெண் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

தெரியாதா? ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் கண்ணைப் பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 13

மதியம் டீக்கடையில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாங்களா?"

சித்தார்த்தன். கையில் ஒரு நோட்டீஸ். செப்டம்பர் 7, ஞாயிறு, திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'சாம்பல் கோள் 2' பத்தாம் ஆண்டுக் காட்சி. படம் முடிந்ததும் ரசிகர்கள் பேசுவார்களாம்.

"எல்லாரும் காறித் துப்பின படமாச்சே" என்றேன்.

"துப்பினோம்க்கா. நானும்தான். இப்ப திரும்பப் பாத்தா வேற மாதிரி தெரியுது. பாதி கிராபிக்ஸ் முடிக்கவே இல்ல, கப்பல் பிஸ்கட் டப்பா மாதிரி இருக்குது, எல்லாம் சரிதான். ஆனா மொதல் பாகத்துல இல்லாத உசுரு ஒண்ணு இதுல இருக்குது. அதத்தான் எங்க ரசிகர் குரூப்ல பேசிக்கினு இருக்கோம்."

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"அந்தப் பொண்ணு நீங்கதானக்கா."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்துவிட்டேன். நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மடச்சி.

ஆகஸ்ட் 15, லீவு

அந்தப் படத்தை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை.

பிளஸ் டூ முடித்த வருடம். எங்கள் ஊர் பனமலையில் ஏரி வறண்டு கிடந்தது. சினிமாக்காரர்கள் வந்து ஆள் கேட்டார்கள். எங்கள் தெருவில் மட்டும்தான் கேட்டார்கள். "மத்தத் தெருவுல மனுசங்களே இல்லியா?" என்று அம்மா அப்போதே கேட்டாள். இன்னொரு கிரகத்துக்கு அடிமையாகக் கொண்டுபோய் குழி தோண்ட வைக்கப்பட்ட ஜனங்கள், அதுதான் நாங்கள். கறுப்பாக, ஒல்லியாக, பசித்த மாதிரி வேண்டுமாம். சாம்பல் பூசினார்கள். பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள்.

என்னைத் தனியாக நிறுத்தி, எதிரில் ஒரு குச்சியில் துணி கட்டி, அதைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். 'தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, போய்விடாதீர்கள்.' எனக்கு வந்த மாதிரி சொன்னேன். பரவாயில்லை, பிறகு வேறு ஆளை வைத்துக் குரல் கொடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கடைசியில் அவர்களிடம் காசு தீர்ந்துபோய், என் குரலை அப்படியே விட்டுவிட்டார்கள். மற்ற எல்லாரும் புத்தகத் தமிழ். நான் மட்டும் 'வந்துகினு'.

படம் வந்த முதல் நாள் தெருவோடு வேன் பிடித்து விழுப்புரம் வந்து பார்த்தோம். நான் வாயைத் திறந்ததும் தியேட்டரே சிரித்தது. குனிந்தபடி வெளியே வந்துவிட்டேன். அம்மா பின்னாலேயே வந்தாள். லேப் படிப்பில் சேர்ந்த முதல் நாள் வகுப்பே சேர்ந்து அந்த வரியைச் சொன்னது. வந்த சம்பந்தம் ஒன்று அதனாலேயே நின்றது. இவர் பெண் பார்க்க வரும்போது அம்மா சொல்லிவிட்டாள், "அந்தப் பேச்சையே எடுக்காத."

இப்போது வந்து நல்ல படம் என்றால் எப்படி நம்புவது? சிரித்த அதே வாய்கள்தானே. மேடையில் ஏற்றி, 'அக்கா ஒரு தடவ சொல்லுங்க' என்பார்கள். நூறு பேர் போனைத் தூக்குவார்கள். அப்புறம் இன்னும் பத்து வருடம் ஓடும்.

ஆகஸ்ட் 17

அம்மாவுக்குப் போன் போட்டேன். லேப் பெயரை அவனிடம் யார் சொன்னது என்று கேட்டேன்.

"நாந்தான் சொன்னேன்."

"ஏம்மா?"

"வூடு தேடி வந்துச்சி அந்தத் தம்பி. மோர் குடுத்தேன். உங்க பொண்ண பாத்துச் சிரிச்சது தப்புங்கம்மான்னுச்சி. இத்தினி வருசத்துல எவன் அப்பிடிச் சொன்னான்?"

"அதுக்குன்னு நம்பிடுவியா?"

"மூஞ்சப் பாத்தா தெரியாதா?"

எனக்கு எந்த மூஞ்சியைப் பார்த்தும் ஒன்றும் தெரிவதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இவர் திண்டிவனத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார். இன்று சாப்பிடும்போது, "செப்டம்பர் ஏழு ஒரு ஆர்டர் வந்திருக்குது. மண்டபத்துல படம் போடறாங்களாம். ஸ்பீக்கர் நம்மளுது" என்றார்.

"யாரு?"

"சித்தார்த்தன்னு ஒரு பையன்."

இது தானாக நடந்ததா? எல்லாரும் சேர்ந்து என்னைச் சுற்றி வளைக்கிறார்களா? அவன் இவரிடம் சொல்லிவிட்டான், இவர் என் வாயைக் கிளறுகிறார் என்றே நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தண்ணி பொண்ண வரவெக்கப் பாக்கறானுங்களாம்" என்றார். "வேணாம் தம்பின்னுட்டேன். அது எங்கியோ குடும்பம் நடத்திக்கினு இருக்கும். நாமெல்லாம் சிரிச்சது பத்தாதா? நிம்மதியா விடுங்கன்னேன்."

இவர்தான். தினமும் வாசலில் நின்று அதைச் சொல்கிற இவர்தான்.

"அது நாந்தாங்க" என்று சொல்லிவிட்டேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆகஸ்ட் 25

குழாயில் தண்ணீர் வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 27

இன்றைக்குத்தான் பேசினார்.

"அஞ்சு வருசமா நான் சொல்லச் சொல்ல நீயும் சிரிச்சியே."

"வேற இன்னா பண்ணச் சொல்றீங்க?"

"நிறுத்துய்யான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. தெரிஞ்சா உன்ன வுட்டுட்டுப் போயிடுவேன்னு நெனச்சியா? அவ்ளோதானா நானு?"

அப்படித்தான் நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது? அவருக்குக் கோபமா வருத்தமா என்று பிரிக்க முடியவில்லை. அம்மா சொல்கிற மாதிரி முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற வித்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

செப்டம்பர் 3

சித்தார்த்தனுக்கு நானே போன் செய்தேன். வருகிறேன். ஆனால் மேடை கிடையாது, பெயர் சொல்லக் கூடாது, போட்டோ கூடாது, கதவுப் பக்கம் உட்காருவேன். எல்லாவற்றுக்கும் சரி என்றான். இவ்வளவு சுலபமாகச் சரி என்றது சந்தேகமாக இருக்கிறது.

செப்டம்பர் 8

நேற்று நடந்ததை எழுத வேண்டும். நேற்றே எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை.

மண்டபத்தில் எழுபது எண்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் காலேஜ் பசங்கள். கடைசி வரிசையில், இவர் மிக்ஸர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் திரும்பினாலும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. படம் ஆரம்பத்தில் இழுவைதான். கதாநாயகன் வந்தால் எல்லாரும் கத்தினார்கள், கிண்டலாகவா ஆசையாகவா தெரியவில்லை. இரண்டும்தான் போல.

பிறகு அந்தக் குழி வந்தது. எங்கள் ஏரி. மேலேயிருந்து வருகிற குழாயைக் காவலாளிகள் அறுத்துவிடுகிறார்கள். அதை அந்தப் பெண் பார்க்கிறாள். நான் பார்க்கிறேன். இனிமேல் தண்ணீர் வராது என்று அவளுக்குத் தெரியும். குழிக்குள் ஒரு மனிதர் கிடக்கிறார். அப்பாதுரை மாமா. பனமலையில் எங்கள் எதிர் வீடு. இன்றைக்கும் இருக்கிறார். அவரை வேறொரு நாள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள், நான் அந்த வரியைச் சொன்னபோது எதிரில் அவர் இல்லை. படத்தில் அவர் கண் செருகுகிறது. "நீர் வருகிறதா?" என்று யாருடைய குரலிலோ கேட்கிறார்.

"தண்ணி வந்துகினு இருக்குது. போயிடாதீங்க."

முன்னால் ஒரு பையன் சிரிக்க ஆரம்பித்து அடங்கினான். படத்தில் மாமா வாயைத் திறக்கிறார். தண்ணீருக்காகத் திறந்த வாய் அப்படியே நிற்கிறது.

போயிடாதீங்க என்றால் இங்கேயே இருங்கள், வரிசையை விட்டுப் போகாதீர்கள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். செத்துப் போயிடாதீங்க என்று சொல்கிறாள். வராத தண்ணீரை வருகிறது என்று சொல்கிறாள். சிரித்தவர்கள் முன்னாலும் பின்னாலும் வெட்டிவிட்டு, என் வாயை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அப்படிக் குச்சியைப் பார்த்து நான் சொன்னேனா? எனக்கே நம்பிக்கை வரவில்லை. நான் செய்ததா, வெட்டி ஒட்டியவன் செய்ததா?

படம் முடிந்து பேச ஆரம்பித்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, அந்தப் பெண்ணின் குரலை மாற்றாமல் விட்டது இயக்குநரின் துணிச்சல், மண்ணின் மொழிக்குக் கொடுத்த மரியாதை என்றெல்லாம் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு எரிந்தது. உட்கார்ந்துகொண்டே சொன்னேன்.

"மரியாதையுமில்ல ஒண்ணுமில்ல. காசு தீந்துபோச்சி, அதான் வுட்டுட்டாங்க. அந்தக் குழியில கெடந்தவருக்கும் எங்க பேச்சுதான். அத அழிச்சிட்டு வேற குரல் போட்டாங்க. அத யாராவது கேட்டீங்களா?"

எல்லாரும் திரும்பினார்கள். மிக்ஸர் பெட்டியிலிருந்து இவர் எழுந்து, மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பேசினேன். என்ன பேசினேன் என்று முழுதும் ஞாபகம் இல்லை. எங்கள் தெருவை மட்டும் கூப்பிட்டதைச் சொன்னேன், துணி கட்டிய குச்சியைச் சொன்னேன். யாரும் அந்த வரியைச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. கடைசிவரை கேட்பார்கள் என்றே காத்திருந்தேன்.

செப்டம்பர் 14

பனமலை போனோம். அப்பாதுரை மாமாவுக்கு இவர் போனில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார். மாமாவும் அன்றைக்குத் தியேட்டரில் இருந்தவர்தான். சிரிப்புச் சத்தத்தில் தன்னைப் பார்த்ததாகவே ஞாபகம் இல்லையாம். இரண்டு தரம் பார்த்தார்.

"நல்லாத்தான் செத்திருக்கேன்" என்றார். பிறகு, "அது யாரு கொரலு?" என்று கேட்டார்.

தெரியவில்லை மாமா என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

சித்தார்த்தன் என்னைக் குரூப்பில் சேர்த்து ஒரு மாதமாகிறது. எவன் எந்த எண்ணத்தில் இருக்கிறான் என்று முதலில் எல்லாருடைய பதிவையும் பின்னோக்கிப் படித்துப் பார்த்தேன். இரண்டு பேர் மேல் இன்னும் சந்தேகம் இருக்கிறது.

இன்று காலை ஒருவர் இரண்டாம் பாகம் குறையே இல்லாத படம், பத்து வருடம் முன்னால் யாருக்கும் புரியவில்லை, அவ்வளவுதான் என்று எழுதினார். சும்மா இருக்க முடியவில்லை. புரியாததை மட்டும் சொல்லுங்கள், குப்பையைக் குப்பை என்றே சொல்லுங்கள் என்று ஆரம்பித்தேன். போவதற்கு ஒரு வருடம் ஆகிற கிரகத்திலிருந்து கதாநாயகன் பொங்கலுக்குள் எப்படித் திரும்பி வந்தான் என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். நான் ஏதோ சொன்னேன். சோற்றுக்கு அரிசி களைந்து வைத்தது அப்படியே கிடந்தது.

இவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் படித்தார். திட்டுவதற்கு முன்னால் அடுப்பைப் பற்ற வைக்கலாம் என்று போனைக் கீழே வைக்கப் போனேன்.

"இரு, இரு" என்றார். "விண்கப்பலு கதவுக்கு நம்ம வூட்டுத் தாப்பாள போட்டிருக்கானுங்களே, அதையும் எழுது."

எழுதினேன்.