கண்ணீர் அஞ்சலியில் குதித்த எழுத்து

ஐந்தருவிக்குப் போகும் வழியில் புதிதாக ஒரு ஐஸ்கிரீம் கடை வந்திருக்கிறது. சாரலில் நனைந்துகொண்டிருந்த போர்டில் உன் எழுத்து. தடித்து, முனையெல்லாம் உருண்டு, ஓடப் போகிறவனைப் போல வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. உடைத்துவிடலாம் என்று கல்லை எடுத்துவிட்டேன். கடைக்காரர் "என்ன அண்ணாச்சி?" என்றதும் கீழே போட்டேன்.

தென்காசியில் நம் பிளக்ஸ் கடையில் உட்கார்ந்து ஆறு மாதம் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துருவை வரைந்தாய். ஒரு 'ழ'வுக்காக இரண்டு நாள் சோறு தண்ணி இல்லை. "இது பிறந்தநாளுக்கும் பலூன் கடைக்கும்தாம்லே. வேற எதுலயும் போட்டுறாத" என்பாய். நான்தான் போட்டேன்.

சிவகிரிப் பக்கத்து மனிதர் ஒருவருக்கு அந்த எழுத்தில் பிறந்தநாள் பேனர் அடித்துக் கொடுத்திருந்தோம். அடுத்த மாதமே வயல் தகராறில் அவரை வெட்டிப் போட்டார்கள். அஞ்சலி பேனர் கேட்டு போன் வந்தபோது நீ பாவூர்சத்திரத்தில் ஒரு கடைக்குப் போர்டு மாட்டிக்கொண்டிருந்தாய். அவசரத்துக்கு எல்லா பிளக்ஸ் கடையிலும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பழைய பைலைத் திறந்து, கேக் படத்தை எடுத்துவிட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று மாற்றினேன். எழுத்துருவை மாற்ற மறந்தேன். வந்த ஆள் சுருட்டியபடியே வாங்கிப் போய்விட்டான். பந்தலில் விரித்துக் கட்டிய பிறகுதான், செத்தவர் தலைக்கு மேல் எழுத்து குதித்துக்கொண்டிருப்பதை ஊரே பார்த்திருக்கிறது.

மறுநாள் காலை நாம் இருவரும் கடையில் இருந்தபோது நான்கு பேர் வந்தார்கள். பிரிண்டர் மேல் அரிவாள் இறங்கியது. மேசைக் கண்ணாடி நொறுங்கியது. ஒருவன் என் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது.

"வெட்டுனவனுவகிட்ட காசு வாங்கிட்டு எங்க அண்ணன் சாவக் கேலி பண்ணுதியளோ? எவம்லே அந்த பேனர அடிச்சது?"

என் கை உயர்ந்து உன்னைக் காட்டியது.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "ஆமா, நான்தான். தெரியாம நடந்துபோச்சு" என்றாய். முதல் வெட்டு தோளில் விழுந்தது. இரண்டாவது வெட்டு வயிற்றில். மூன்றாவதை நான் பார்க்கவில்லை. மேசைக்கடியில் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தாய். "ஏலே, சாவு வீட்லயும் நம்ம எழுத்துதாம்லே எடுப்பா இருந்திருக்கு" என்று சிரிக்கப் பார்த்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், பாவி. செருப்பால் அடித்திருக்கலாம்.

வெட்டியவர்கள் ஜெயிலில் இருக்கிறார்கள். நான் மாதாமாதம் உன் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். "எம்புள்ள அந்த பேனரக் கொஞ்சம் பாத்து அடிச்சிருந்தா இன்னைக்கு இருப்பாம்லா" என்பாள். போன வாரமும் சொன்னாள். போன வாரமும் நான், "ஆமாம்மா" என்றேன்.