மைக்குக்கு முதுகு இல்லை

12-11-1978, ஞாயிறு இரவு

"சார், ரிப்பன் மைக்குக்கு முன்பக்கம் எது?" என்று வகுப்பில் ஒரு பெண் ஒருமுறை கேட்டாள். "ஜன்னல் திரையை நினைத்துக்கொள். காற்று உள்ளேயிருந்து வந்தாலும் ஆடும், வெளியேயிருந்து வந்தாலும் ஆடும். ஓரத்திலிருந்து வந்தால்தான் ஆடாது. மைக்குக்குள் இருக்கும் மெல்லிய தகடும் அப்படித்தான்" என்றேன்.

இன்று அதை நானே மறந்தேன்.

தில்லி சரோஜினி நகரில் ராமசேஷன் வீட்டில் என் மனைவி கமலாவின் பாட்டைப் பதிவு செய்தோம். அவள் குரலின் கூர்மையைத் தணித்துக் கொடுக்கும் என்று ரிப்பன் மைக்கைத் தேர்ந்தெடுத்தவன் நான். அவளுக்கு வயலின் வாசித்தது ராமசேஷன். இத்தனை வருஷமாக அது என் இடம். இப்போது என் விரல் நடுங்குகிறதாம்.

அவனைப் பார்த்துச் சிரித்தபடி பாடினாள். என்னோடு ஒருநாளும் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. மைக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, "அவன் கையிலிருப்பது வயலின் வில்லா, ரம்பமா?" என்று முணுமுணுத்தேன்.

டேப்பைப் போட்டதும் பாட்டின் நடுவே என் குரல் தெளிவாகக் கேட்டது.

"அச்சா! வாத்தியார் ரசிச்சுக் கேட்டிருக்கார்" என்று ராமசேஷன் சிரித்தான்.

கமலா சிரிக்கவில்லை. "எனக்கு இன்னொரு தடவை இப்படி வராது" என்றாள்.

எனக்கு நானே எழுதி வைப்பது: விடிந்ததும் மறுபடி பாடச் சொல்லி அவளைக் கேள். சம்மதித்தால், மைக்குக்கு ஓரமாகப் போய் உட்கார்.