பெரியவரின் கொட்டாவி

மார்ச் 2, திங்கள்

டேய் அண்ணா,

சாதிச்சுட்டேன்டா, இருபத்தாறு வயசு சொகுசு வண்டியில ரெண்டு குழந்தை சீட்டா, நடக்கவே நடக்காதுன்னு சொன்ன அத்தனை பேர் வாயையும் அடைச்ச என் வீடியோவை ஒரே நாள்ல பதினோராயிரம் பேர் பார்த்துட்டாங்க!!!

வாட்ஸ்அப்ல சொன்னா நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டுப் போயிடுவ. அதான் மெயில். முழுசா படிக்கணும், சொல்லிட்டேன்.

நானூறு பேர் இருந்த என் பேஜ்ல இப்ப கமெண்ட்டுக்குப் பதில் போட நேரம் இல்ல. கண்ணாடிக் கடையில கஸ்டமருக்கு ஃப்ரேம் மாட்டி விட்டுக்கிட்டே எட்டிப் பார்க்கறேன். "இவ்ளோ பழைய வண்டியில கொக்கி மாட்ற வளையமே இருக்காதே, எப்படி?"ன்னு கேக்கறாங்க. வளையம் இல்லதான். பெல்ட்டாலயே கட்டினேன். பெல்ட்டை முழுசா வெளிய இழுத்து விட்டா 'கட கட'ன்னு பூட்டிக்கிட்டு உள்ள போகும், அந்த நேரத்துல சீட்டு மேல முட்டி போட்டு மொத்த உடம்பையும் அழுத்தணும். தோல் வழுக்கும், அதனால அடியில துண்டைச் சுருட்டி வெச்சேன். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. பதினாலு வீடியோவைப் பாதி வேகத்துல ஓட விட்டுப் பார்த்தது. நீ பக்கத்துல நின்னு டார்ச் பிடிச்ச, அதையும் நேரா பிடிக்கல.

சரி. இப்ப மனசுல இருக்கறது.

நேத்து சாயங்காலம் நீங்க வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினதும் ஷெட்டுல போய் நின்னேன். தரையில எண்ணெய்க் கறை மட்டும் இருக்கு. அப்பா வண்டியை உனக்குத் தூக்கிக் கொடுத்துட்டு ஒன்னுமே நடக்காத மாதிரி பேப்பர் படிக்கறார். இதே அப்பாதான், நான் செருப்போட ஏறினா "இறங்கு கீழ"ன்னவர். முதலாளி வண்டியா இருந்த இருபது வருஷம் முன்சீட்டுல டிரைவரா உட்கார்ந்து, அப்புறம் அவரே சொந்தமா வாங்கினப்போ துடைக்கத் தனித் துணி, தனி பிரஷ். நேத்து உங்க பையன் உருண்டை அதே தோல் மேல பாலைக் கக்கறான், "குழந்தைதானேம்மா, விடு"ங்கறார்! நானும் ஒரு காலத்துல குழந்தையாத்தான் இருந்தேன், யாருக்காவது ஞாபகம் இருக்கா?

அதுவும் உருண்டைக்கு யார் சீட்டு? அப்பா சீட்டு. நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஓட்ட, அவர் முதலாளி மாதிரி பின்னாடி சாஞ்சு வருவாரே, அந்த சீட்டு. அதுக்குள்ள என் கைவேலை ஒன்னு இருக்கு. என்னன்னு உனக்கெல்லாம் சொல்ல மாட்டேன்.

உங்க பொண்ணு சுண்டுவுக்கு மட்டும் ஒரு முத்தம். அவ கக்கல.

இப்படிக்கு,
வண்டியில்லாத ஸ்பேனர்


மார்ச் 5, வியாழன்

அன்புள்ள ஸ்பேனர்,

முழுசா படிச்சேன், போதுமா? மருந்துக் கடையில கூட்டம் இல்லாத நேரமா பார்த்து, மாத்திரை ராக்குக்குப் பின்னால நின்னு படிச்சேன். சிரிச்சதுல மேனேஜர் திரும்பிப் பார்த்தார்.

உன் வீடியோவை இங்க எல்லாருக்கும் காட்டிட்டேன். "என் தங்கச்சி"ன்னு சொல்லும்போது எனக்கே கொஞ்சம் நெஞ்சு விரியுது. டார்ச் பிடிச்ச கை என்னோடதுன்னும் சொல்லி வெச்சேன்.

வண்டிக்கு இங்க ஏக மரியாதை. தெருவுல கதவைத் திறந்தா ஜனங்க நின்னு பார்க்கறாங்க, உள்ள இருந்து ரெண்டு மொட்டைத் தலை எட்டிப் பார்த்ததும் சிரிச்சுட்டுப் போறாங்க. சாவியைத் திருப்பினா பின்னாடி 'ம்ம்ம்'னு ஒரு முனகல் கேட்குதே, "பெரியவர் கொட்டாவி விடறார்"னு உங்க அண்ணி சொல்றா. அது கேட்டாத்தான் உருண்டை அழுகையை நிறுத்தறான்.

ஒரே ஒரு சந்தேகம். வண்டி ஓடும்போது உருண்டையோட சீட்டு ஆடுதுன்னு அண்ணி சொல்றா. ஓரமா நிறுத்தி அணைச்சுட்டு ஆட்டிப் பார்த்தா கல்லு மாதிரி நிக்குது. சுண்டு பக்கம் ஒரு பிரச்சனையும் இல்ல. நான் ஏதாவது தப்பு பண்றேனா? சொல்லு டீச்சர்.

அப்பா உன்னைப் பத்தித்தான் போன்ல பேசினார். "சாயங்காலம் ஆனா ஷெட்டுக்குப் போய் நிக்கறா"ன்னார். நீ நல்லா இருக்கியா?

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 6, வெள்ளி

அண்ணா,

நல்லாத்தான் இருக்கேன். எனக்கென்ன.

சீட்டு ஆடுதுன்னா நீ பெல்ட்டை சரியா இழுத்திருக்க மாட்ட. வீடியோவுல நாலாவது நிமிஷம் பாரு. பதினெட்டாயிரம் பேருக்குப் புரிஞ்சது வீட்டாளுக்குப் புரியல.

முனகல் ஒன்னும் இல்ல. வயசான வண்டி முனகத்தான் செய்யும்.

அது என்ன எல்லாரும் நின்னு பார்க்கறாங்களாம்? பார்ப்பாங்கதான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கதவு ரப்பருக்குப் பவுடர் பூசினது யாரு? கடிகாரம் நின்னு போச்சுன்னு டேஷ்போர்டைக் கழட்டி ஓட விட்டது யாரு? நீ பானெட் திறக்கற லிவரைத் தேடி டிக்கியைத் திறந்த ஆளு. உனக்கு மரியாதை!

இன்னொன்னு. பழைய வண்டி எல்லாக் குழந்தைக்கும் ஒத்து வரும்னு சொல்ல முடியாது. உங்களுக்குச் சரிப்படலன்னா கொண்டு வந்து விட்டுடுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. புது வண்டி ஏதாவது பார்த்துக்கலாம். ஷெட்டு காலியாத்தான் இருக்கு.

ஸ்பேனர்


மார்ச் 11, புதன்

அன்புள்ள ஸ்பேனர்,

உன் மெயிலைப் படிச்சுட்டு அஞ்சு நாளா பதில் எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். நாலாவது நிமிஷத்தை நாப்பது தடவை பார்த்துட்டேன். முட்டியை வெச்சு அழுத்தி, கையில கொப்புளமே வந்துடுச்சு. நிக்கும்போது அசையல. ஓடும்போது ஆடுதுன்னு அவ சொல்றா.

நேத்து பெரிய சண்டை. "உனக்குப் பிரமை, தூக்கம் இல்லாததால அப்படித் தோணுது"ன்னு கத்திட்டேன். இன்னிக்குக் காலையில பின்னாடி ஏறி, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல அந்தக் கை வைக்கற மேட்டு மேல குறுகி உட்கார்ந்து, உருண்டையோட சீட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வந்தா. டாக்டர் வீடு வரைக்கும் கையை எடுக்கவே இல்ல. கண்ணாடியில பார்த்துக்கிட்டே ஓட்டினேன். எனக்கே என்னைப் பிடிக்கல.

சனிக்கிழமை அவங்க அம்மா வீட்டுக்குப் போறோம். ஆறு மணி நேர ஓட்டம். அதுக்கு முன்னால உன்கிட்ட ஒன்னு சொல்லிடணும்.

அப்பாவா எனக்கு வண்டியைக் கொடுக்கல. நான்தான் கேட்டேன். கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அவகிட்ட கேட்டியா?" கேட்டேன், சரின்னுட்டான்னு பொய் சொன்னேன்.

குழந்தைகளுக்கு இடம் பத்தலைன்னு அப்பாகிட்ட நான் சொன்ன காரணம் பாதி உண்மைதான். ஞாயித்துக்கிழமை நீ ஓட்டுவ, அப்பா பின்னாடி சாஞ்சுக்கிட்டு வருவார், ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே திரும்பி வருவீங்க. நான் வாசல்ல நின்னு கேட்டைத் திறந்து விடுவேன். ஒரு நாளாவது "நீயும் வாடா"ன்னு சொல்லியிருக்கீங்களா? எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, அதனால வாசல் கேட்டே கதி. என் பிள்ளைங்களாவது அந்தப் பின்சீட்டுல உட்காரட்டும்னு ஒரு வயித்தெரிச்சல். அவ்ளோதான்.

அந்தப் பொய்யாலதானோ என்னவோ, என் கைக்கு மட்டும் அந்த சீட்டு நிக்க மாட்டேங்குதுன்னு தோணுது. சிரிக்காதே.

ஊருக்குப் போயிட்டு வந்ததும் வண்டியைக் கொண்டு வந்து விடறேன். அப்பாகிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்.

அண்ணன்


மார்ச் 13, வெள்ளி

அண்ணா,

காலையில போன்ல "வண்டியை எடுக்காதே, சாவியையே தொடாதே"ன்னு கத்திட்டு வெச்சுட்டேன். ஏன்னு நீ கேட்டதுக்குப் பதிலை இங்க எழுதிடறேன்.

உன் கையில ஒரு தப்பும் இல்ல. அண்ணிக்கு ஒரு பிரமையும் இல்ல.

பெரியவர் விடறது கொட்டாவி இல்லடா. மோட்டார். என் பதினெட்டாவது வயசுல, அப்பா பிறந்த நாளுக்கு நான் பண்ணின வேலை. அவர் சீட்டு கரண்ட்டுல நகரும், தெரியும்ல? ஆனா பட்டனை அமுக்க அவருக்குக் கூச்சம், முதலாளி பட்டன்னு சொல்வார். அதனால ஒரு சின்ன ரிலே, அதான் தானா போட்டு அணைக்கற சுவிட்ச், வாங்கி நானே ஒயர் போட்டேன். சாவியைத் திருப்பினா சீட்டு தானா பின்னால போய் சாயும், அணைச்சா தானா நிமிரும், அவர் சுலபமா இறங்கறதுக்கு. முதல் நாள் அது சாஞ்சப்போ அப்பா கண்ணைத் துடைச்சுட்டு, "யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"ன்னார். யாரும் இல்லப்பான்னேன். என் வாழ்க்கையிலயே பெரிய மெடல் அதுதான்.

இப்ப புரியுதா? நீ அணைச்சு வெச்சு பெல்ட்டை இறுக்கற. சாவியைத் திருப்பினதும் சீட்டு மூணு விரல் அளவு பின்னால சாயுது, பெல்ட் தொளதொளன்னு ஆயிடுது. ஓட ஓட ஆடுது. நீ நிறுத்தினா நிமிர்ந்துக்குது, கல்லு மாதிரி நிக்குது. அண்ணி கை மட்டும்தான் உண்மையைத் தெரிஞ்சு வெச்சிருந்தது.

இதுக்கு மேல எழுதறது கஷ்டமா இருக்கு, ஆனா எழுதறேன். எனக்குத் தெரியும். சீட்டு மாட்டின அன்னிக்கே தெரியும். ஒரு பியூஸைப் பிடுங்கினா முடிஞ்சது. "அந்த வேலையைக் கழட்டிட்டியாம்மா?"ன்னு அப்பாவே கேட்டார். ஆச்சுப்பான்னேன். டிக்கியைத் திறந்து, பியூஸ் மேல விரல் வெச்சேன். நீங்கல்லாம் வாசல்ல உருண்டையைத் தூக்கிப் போட்டு விளையாடிட்டு இருந்தீங்க, அப்பா அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. வண்டியும் போகுது, அப்பாவும் உங்க பக்கம் போறார், இதையும் பிடுங்கினா அதுல நான்னு ஒன்னும் இருக்காதுன்னு தோணுச்சு. கார்பெட்டை மூடிட்டு வந்துட்டேன். கொஞ்சம்தானே ஆடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சரிப்படலன்னா திரும்பி வந்துடும்னும் நினைச்சேன். நீ சந்தேகம் கேட்டப்பகூட உன் மேலயே பழியைப் போட்டேன்.

நீ சொன்ன பொய்யில ஒருத்தருக்கும் அடிபட்டிருக்காது. என்னோடதுல உருண்டைக்கு என்ன வேணா ஆகியிருக்கலாம். அண்ணி அந்த மேட்டு மேல குறுகி உட்கார்ந்து வந்தான்னு படிச்சதுல இருந்து என்னால கண்ணை மூட முடியல.

இப்ப செய்ய வேண்டியது. சாவி போடாம டிக்கியைத் திற. இடது பக்கம் கார்பெட்டை மடிச்சா கறுப்பு மூடி. உள்ள கீழ் வரிசையில ஊதா நகப்பூச்சு வெச்ச பியூஸ் ஒன்னு இருக்கும், என் நகப்பூச்சுதான். பிடுங்கு. பக்கத்துல தீப்பெட்டி அளவு ரிலே, அதையும் பிடுங்கிப் போடு. அப்புறம் சாவியைத் திருப்பு. முனகல் கேட்கக் கூடாது. வண்டியை நகத்தாம, இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே குழந்தை சீட்டை மறுபடி கட்டி, பெல்ட் நுழையற இடத்துல பிடிச்சு ஆட்டு. ஒரு விரல் அகலத்துக்கு மேல அசையக் கூடாது. கடைசியா அண்ணி ஆட்டிப் பார்க்கட்டும். அவ சரின்னு சொன்னாத்தான் கிளம்பணும். அவளுக்கு நம்பிக்கை வரலன்னா பஸ்ல போங்க.

வண்டியைத் திருப்பிக் கொண்டு வராதே. எனக்கு வேண்டாம். நிஜமா சொல்லணும்னா வேணும், இப்பவும் வயிறு எரியுது. ஆனா வேண்டாம்.

வீடியோவை எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா என் தப்பையே எழுதிப் போட்டிருக்கேன்: "பின்சீட்டு கரண்ட்டுல நகர்ற வண்டி வெச்சிருக்கறவங்க, குழந்தை சீட்டை நிக்கும்போது மட்டும் ஆட்டிப் பார்க்காதீங்க, வண்டியை ஸ்டார்ட் பண்ணியும் பாருங்க. உங்க வண்டியில என்ன நடந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்புங்க." நீயும் உங்க கடை குரூப்புல போடு. என் பேரோட போடு.

அப்பாகிட்ட சொல்லிட்டேன். பேப்பரை மடிச்சு வெச்சுட்டு ஷெட்டுக்குப் போனவர் இன்னும் வரல.

இந்த மெயிலை நீ மட்டும் படிச்சு மூடி வெச்சுடாதே. அண்ணியைப் பக்கத்துல உட்கார வெச்சு சத்தமா படி. "பிரமை"ன்னு நீ சொன்ன வார்த்தைக்கு என் சார்பாவும் மன்னிப்புக் கேளு. அப்புறம் ஊதா பியூஸை உள்ளங்கையில வெச்சு ஒரு போட்டோ அனுப்பு. போட்டோவுக்குக் கீழ ஆளுக்கு ஒரு வரி எழுதுங்க. அண்ணி வரி முதல்ல வரணும். திட்டா இருந்தாலும் சரி. காத்துக்கிட்டு இருக்கேன், எழுதுங்க.

உங்க
ஸ்பேனர்