பெரிய டியூபா இரண்டு பேருக்கானது

ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை, காலை பத்து இருபது. ஜொகூர் பாருவில் ஓர் இசைக்கருவிக் கடை. என் முன்னால் மூன்று டியூபாக்கள், மூன்றும் மடியில் வைத்து ஊதும் பெரிய பித்தளைக் கருவிகள். கடைக்காரர் முதல் பெட்டியைத் திறந்ததும் உள்ளே ஒட்டியிருந்த புதுத் துணியின் வாசனை மூக்கில் ஏறியது. தங்காக்கில் உன் அப்பாவின் ஜவுளிக்கடை வாசனை அப்படியே. அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன். எனக்கு இதெல்லாம் வராது, உனக்குத் தெரியும்.

போன வருடம் டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு நம் இசைக்குழுவில் டியூபா வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். கீழ்ச்சுரம் மொத்தமும் என் தலையில். குழுவை நடத்தும் நடத்துநர் மூன்று மாதமாக ஒரே புகாரைச் சொல்கிறார்: அடி ஒலி விட்டு விட்டுக் கேட்கிறதாம். அடுத்த மாத நிகழ்ச்சிக்குள் சரியாகாவிட்டால் அந்த இடத்தில் பேஸ் கிட்டார் வைத்துக்கொள்வேன் என்று போன வாரம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். குழுவின் டியூபா பழசு, வால்வில் காற்று கசிகிறது என்றேன். நான் தொழிற்சாலையில் காற்றழுத்தக் குழாய்களைப் பார்க்கிறவன். கசிவு என்று நான் சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். சொந்தமாக ஒன்று வாங்கத் தீர்மானித்தேன்.

கடையில் இருந்தவற்றில் ஒன்று, நீ எப்போதும் படத்தைக் காட்டிக்கொண்டிருந்த அந்தப் பெரியது. சுழலும் வால்வு, வாய் அண்டா அகலம். இரண்டாவது நடுத்தரம், அழுத்தும் வால்வு நான்கு. மூன்றாவது, ஒருமுறை கைமாறியது. அதை இரண்டே நிமிடத்தில் ஒதுக்கினேன். கசிவு இல்லையென்றால், வால்வை அழுத்தாமல் அதன் சிறு குழாயை உருவும்போது 'டப்' என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை. கடைக்காரர் அதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன்.

பெரியதைத்தான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டே போயிருந்தேன். இரண்டு பேர் சத்தத்தை ஒருவன் கொடுக்க வேண்டுமானால் பெரிய கருவி வேண்டும். எளிய கணக்கு. அதோடு உன் குரலும் கூடவே வந்தது: "வாங்கினா பெருச வாங்கு லா. சின்னத வாங்கிட்டு அப்புறம் மூஞ்சத் தூக்கி வச்சிக்காத."

ஆனால் உன் கடைப் பழக்கம் ஒன்று எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்கூடாயில் படித்துக்கொண்டிருந்தபோது முதல் முறை உன் வீட்டுக்கு வந்தேன் அல்லவா, அன்று கடையில் ஓர் அக்கா எந்தச் சேலையை எடுப்பது என்று தெரியாமல் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். நீ சேலையை எடுத்து உன் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றாய்.

"அக்கா, கிட்ட வச்சிப் பாத்தா எல்லாச் சேலையும் அழகுதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பாருங்க."

"ஏன்டா, மீசையோட நிக்கற பொண்ணப் பாக்க நான் ரோடு தாண்டணுமா?"

தாண்டினார். வாங்கினார். அப்புறம் டியூபாவுக்கும் நீ அதையே செய்தாய். ஒருவன் ஊத, மற்றவன் மண்டபத்தின் கடைசியில் போய் நின்று கேட்பான். "ஊதறவனுக்கு ஒண்ணும் தெரியாது மச்சான்" என்பாய். சுரத்தை அளக்கும் ட்யூனர் காட்டும் எண்ணைத்தான் நான் நம்புவேன் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

இன்று தூரத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று ஜெசிந்தாவைக் கூட்டிப் போனேன். இவள் இந்த வருடம்தான் குழுவில் சேர்ந்தாள். டியூபாவின் தங்கை மாதிரி இருக்கும் யூஃபோனியம் வாசிக்கிறாள், நமக்கு ஒரு ஸ்தாயி மேலே. உன்னை அவளுக்குத் தெரியாது. கடைக்கு எதிரே மாமாக் சாப்பாட்டுக் கடை வாசலில் அவளை நிறுத்திவிட்டு, நிகழ்ச்சிக்கான, நாம் எப்போதும் வாசித்த அந்த மெதுவான பாட்டின் கீழ்ச்சுரத்தைப் பெரியதிலும் நடுத்தரத்திலும் முழுசாக வாசித்தேன். முடித்ததும் போன் வந்தது.

"கேட்டுச்சா?"

"கேக்காம என்னா? மாமாக் கடை அண்ணன் லாரி பின்னால வருதுன்னு நெனச்சி ஒதுங்கிட்டாரு."

"வெளாடாத. எது நல்லாருக்கு?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலாவது வரி நடுவுல நின்னு போற. ரெண்டுலயும் அதே எடம். பெருசுல அதுக்கு முன்னாடியே இன்னொரு எடத்துலயும் நின்ன. ஏன், அங்க வேற யாராச்சும் வாசிக்கணுமா?"

போனை வைத்துவிட்டேன்.

நாலாவது வரி நீளம். ஒரு மூச்சில் முடியாது. நான் நடுவில் மூச்சு எடுப்பேன், அப்போது நீ நிறுத்தமாட்டாய். உனக்கு மூச்சு வேண்டிய இடத்தில் நான் நிறுத்தமாட்டேன். முதல் வாரமே நீ சொன்னாய்: "நீ எடு, நான் புடிச்சிக்கிறேன்." அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஏழு வருடம் வாசித்ததில் அந்த இடத்தில் நான் நிறுத்துகிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. என் காதில் சுரம் தொடர்ந்துகொண்டேதான் இருந்தது. இன்றும் தொடர்ந்தது. வெளியே நின்றவளுக்குத்தான் கேட்கவில்லை.

குழுவின் பழைய டியூபாவில் கசிவு இல்லை. இருந்திருந்தாலும் புகாருக்குக் காரணம் அதுவல்ல.

பெரியது தவறு என்று நான் சொல்லவில்லை. நீ போட்ட கணக்கு இரண்டு பேருக்கானது, அதில் அது சரிதான். தனியாக ஊதுகிறவனுக்கு அது காற்றைக் குடித்துவிடும். நடுத்தரத்தில் அதே வரியை இன்னும் மூன்று முறை ஊதிப் பார்த்தேன். நடுவில் ஒரே ஒருமுறை மூச்சு எடுத்தால் முடிகிறது. அடிச்சுரம் கொஞ்சம் மெலிவு, மடியில் சரியாக உட்காருகிறது, இரண்டாம் வால்வில் சுரம் ஒரு துளி ஏறுகிறது, உதட்டால் இறக்கிக்கொள்ளலாம். நீ இருந்திருந்தால் என்னைக் கிண்டல் செய்தே கொன்றிருப்பாய். பரவாயில்லை.

இப்போது மணி ஒன்று. மாமாக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜெசிந்தா இரண்டாவது ரொட்டி சானாயைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். செய்ய வேண்டியவை:

1. நடுத்தரத்துக்குப் பணம் கட்டி இன்றே எடுத்துக்கொண்டு போவது. பெரியதை எனக்காக எடுத்து வைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்வது.

2. குறை கருவியில் இல்லை, என்னிடம்தான் என்று நடத்துநரிடம் சொல்வது. எல்லார் முன்னாலும்தான் கசிவு என்றேன், இதையும் அப்படியே.

3. தங்காக் போய் உன் அப்பாவிடம் துண்டுத்துணி வாங்குவது. டியூபா துடைக்க நீ கொண்டுவந்து வைத்தது போன மாதமே தீர்ந்துவிட்டது.

4. ஜெசிந்தா சாப்பிட்டு முடித்ததும் அவளிடம் கேட்பது: நாலாவது வரி நடுவில் நான் மூச்சு எடுக்கும்போது நீ பிடித்துக்கொள்வாயா என்று. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. உன்னிடம் நான் கேட்க வேண்டியிருந்ததே இல்லை.